நவமணி வைத்த பொட்டு

புந்தோங் அடுக்குமாடியில் பிற இனத்தாரை நேசிப்பதற்கென்றே ஒரு குழு உண்டு. அதன் செயலாளர் கார்த்திகேசு, ஆண்டுக்கு ஒருமுறை மேடையேறி எல்லாரையும் நேசித்துவிட்டு, மீகூன் சேமியாப் பொட்டலத்தோடு இறங்கிவிடுவார். நான்காம் மாடி நவமணி அந்தக் குழுவில் இல்லை. எதிலும் இருக்க அவருக்குத் தோன்றுவதில்லை.

ரப்பர் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, பதினாறு வயதில் பால் வெட்டப் போய், தோட்டம் கைமாறியதும் சிம்பாங் பூலாய் பக்கம் கையுறை ஆலைக்கு வந்தவர். மரத்தில் வடிந்த ரப்பர் கையுறையாகிப் பெட்டியில் அடைந்து வந்ததைத் தவிர, வாழ்க்கையில் மாறுதல் இல்லை. மூன்று ஆண்டுக்கு முன் கணவர் பழனியப்பன் இறந்தபோது அவர் அழவில்லை. அன்று லிஃப்ட் பழுது. ஆலையில் வேலை செய்யும் மேல்மாடி நேபாளிகள்தான் சவப்பெட்டியைத் தோளில் இறக்கினார்கள். கார்த்திகேசுவுக்கு அன்று பார்த்து இடுப்புவலி.

அந்த நேபாளிகளில் மூத்தவன் தில் பகதூர். தங்கள் தசைன் பண்டிகையன்று, தயிரும் குங்குமமும் பிசைந்த அரிசித் தட்டோடு நவமணியின் வாசலில் வந்து நின்றான். பெரியவர் கையால் அதை நெற்றியில் வாங்கினால்தான் அவர்களுக்குப் பண்டிகை.

"அம்மா, எங்களுக்கு இங்க பெரியவங்க இல்ல. நீங்க வைங்க." ஆலையில் பழகிய தமிழ்.

"நான் தாலி அறுத்தவ, தம்பி. என் கை ஆகாது."

"எங்க அம்மாவும் அப்படித்தான். அவங்கதான் வைப்பாங்க. இங்க வந்து ஏழு வருசமா நெத்தி சும்மா கெடக்கு."

சேதி பரவி, கார்த்திகேசு நான்கு மாடியும் ஏறி வந்துவிட்டார்.

"என்னாக்கா இது? சகுனம்னு ஒண்ணு இருக்குலா."

"சகுனம் பாத்துத்தான் எனக்குக் கல்யாணம் பண்ணாங்க."

"போயும் போயும் இவனுங்களுக்கா? அடுத்த மாசம் உங்க தம்பி மக குமுதாவுக்கு வளைகாப்பு. கூப்பிட மாட்டாங்க, பாத்துக்குங்க."

"போன விசேசத்துக்குக் கூப்பிட்டாங்க. பொட்டு வைக்கிற நேரத்துல அடுப்படிக்கு அனுப்பிட்டாங்க."

கார்த்திகேசு, மேடையில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

நவமணி உட்கார்ந்து தட்டை வாங்கினார். ஆசி சொல்லத் தெரியவில்லை. "நல்லா இரு" என்று தில் பகதூரின் நெற்றியில் அப்பி, அடுத்தவனைப் பார்த்தார். படிக்கட்டில் பதினோரு பேர். ஆலையில் பெட்டி ஒட்டும் அதே வேகம். நெஞ்சில் ஏதாவது அசைகிறதா என்று நடுவில் ஒருமுறை கவனித்தார். அசையவில்லை. ஐந்தாவது ஆள் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

கடைசி ஆளும் எழுந்தபின் தலையைத் தூக்கினார். கார்த்திகேசு இன்னும் அங்கேயே நின்றார்.

"உக்காருங்க தம்பி," என்றார் நவமணி. "அரிசி மிச்சம் இருக்கு."