வெள்ளச்சியின் மடியில் வந்த கட்டி

முதலில் அது என் விரலில்தான் தட்டுப்பட்டது. உண்ணி பிடுங்குவதற்காக எங்கள் நாய் வெள்ளச்சியை மல்லாத்திப் போட்டிருந்தேன். கடைசிக் காம்புக்குப் பக்கத்தில், தோலுக்கு அடியில், புளியங்கொட்டை அளவில் ஒன்று உருண்டது. அழுத்திப் பார்த்தேன். அவள் வாலை ஆட்டினாள். அவளுக்கு வலிக்கவில்லை என்பதால் எனக்கும் பயம் வரவில்லை.

நாய்க்கு ஒரு கட்டி, அதற்கு ஒரு கட்டுரையா என்று சிரிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். வீட்டு நாயின் கட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் போகலாமா, இன்னும் நாலு நாள் பார்க்கலாமா என்று முழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அது எழுபதுகள். எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருந்தது. என் வீட்டுக்காரர் ஏரியில் வலை போடுவார். வெள்ளச்சிக்குப் படுக்கை அந்த வலைக் குவியல்தான். வலையில் கெளுத்தி மீனின் முள் ஒடிந்து சிக்கியிருக்கும். எங்கள் ஆட்களின் கையில் ஏறும், காலில் ஏறும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டால் பழுத்து, ஒருநாள் சீழோடு முள் வெளியே வந்துவிடும். அதனால் எங்கள் குப்பத்தில் உடம்பில் எது தடித்தாலும் அது முள்தான்.

"கெளுத்தி முள்ளுமே. வலைமேலயே உருண்டுகினு கெடந்தா ஏறாம இன்னா பண்ணும்? தானா வெளிய வரும்," என்றார் வீட்டுக்காரர்.

"முள்ளுன்னா தொட்டா கத்தாதாய்யா?"

"சும்மா பேஜாரு பண்ணாத. நாயி கத்தல, நீதான் கத்துற."

பற்றுப் போட்டோம். அது பழுக்கவில்லை. மழை முடிந்தபோது எலுமிச்சங்காய் அளவு ஆகியிருந்தது. முன்பு விரலுக்கு உருண்டு கொடுத்தது, இப்போது அடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. பொன்னேரி மாட்டாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "மாட்டாஸ்பத்திரிக்கு நாயத் தூக்கினு போனா ஊரே சிரிக்கும்," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஏரியைத் தாண்ட அவர் படகு வேண்டும்.

கோடையில் கட்டி உடைந்தது. சீழ் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. அவர் கழுவிவிட்டு விரலால் முள்ளைத் தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு மீன் கூடையில் சாக்கை விரித்து வெள்ளச்சியைத் தூக்கி வைத்தார். "கெளம்புமே," என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. தொடையிடுக்கில் நிணநீர்க்கணுவை (நெறி கட்டுகிறது என்போமே, அந்த இடத்தை) அழுத்திப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"பால்சுரப்பியில் புற்றும்மா. பெண்களுக்கு மார்பில் வருமே, அதே மாதிரிதான். நுரையீரலுக்கும் போயிருக்கும்னு நினைக்கிறேன், மூச்சு சரியில்லை."

"அறுத்து எடுத்துடுங்க சார்," என்றார் வீட்டுக்காரர்.

"சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா எடுத்திருப்பேன்பா. இப்போ கத்தி வச்சா தாங்காது."

"முள்ளு இல்லியா சார்?"

டாக்டர் வீட்டுக்காரரின் தழும்பேறிய கைகளைப் பார்த்தார். "இல்லைப்பா," என்றார்.

அன்று டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கட்டி வளர்ந்தால், அடியில் ஒட்டிக்கொண்டால், உடைந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பெட்டை நாய்க்கு மடியில் வந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். வலிக்கவில்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புண்ணைக் கழுவ மருந்து கொடுத்தார்கள். அதற்கு மேல் செய்ய எதுவும் இல்லை. வெள்ளச்சியால் வலைக் குவியல்மேல் ஏற முடியவில்லை. வீட்டுக்காரர் நல்ல வலையைத் தரையில் பரப்பி, முள் இருக்கிறதா என்று கண் கண்ணாகத் தடவிப் பார்த்து, அவளை அதில் படுக்க வைத்தார். தான் பழைய வலையோடு ஏரிக்குப் போனார். அவர் ஏரியில் இருந்தபோதுதான் அவள் உயிர் போனது. தலை என் மடியில் இருந்தது. வாய்விட்டு அழுதேன். அவர் வந்து, குழி தோண்டினார்.

அதற்குப் பிறகு என் உடம்பு எனக்குப் பழைய மாதிரி இல்லை. குளிக்கும்போது சோப்புப் போடுகிற கை மார்பில் நின்றுவிடும். யாராவது நாலு நாள் பார்க்கலாம் என்றால், அந்த நாலு நாள் எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும்.

எங்கள் கடைசிப் பிள்ளைக்குப் பால் மறக்கடித்த சமயம், கை நிஜமாகவே ஒன்றில் தட்டியது. அவரிடம் சொன்னேன். எவ்வளவு பெரிசு, வலிக்கிறதா என்று எதையும் கேட்கவில்லை. செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுப் படகைத் தள்ளினார்.

பொன்னேரியில் பெண் டாக்டர் தொட்டுப் பார்த்து, பால்தான் கட்டியிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். வெளியே வந்து அவரிடம் சொன்னேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நிம்மதியில் அழுகிறார் என்று நினைத்தேன்.

"உன்னிய இன்னிக்கே இட்டாந்துட்டேன்," என்றார். "வெள்ளச்சிய எத்தினி மாசம் காக்க வெச்சேன்மே."