காப்புக் கட்டிய ஊருக்கு ஏழு விருந்தாளிகள்

பெரியம்மா ஏன் திருப்பூருக்குப் போய்விட்டார் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்கும்போதெல்லாம், வேலைக்குப் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. ஆனால் போகாமல் இருக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. அந்த வழியை அடைத்தவன் உங்கள் அப்பாதான்.

பெரியப்பா இறந்தபிறகு மணப்பாறைக்கு அந்தப் பக்கம் அந்தக் கிராமத்தில் பெரியம்மா தனியாக இருந்தார். மழையை நம்பிய கொஞ்சம் நிலம், இரண்டு ஆடு, நீங்கள் ஒவ்வொரு லீவுக்கும் போய் அட்டகாசம் பண்ணிய அந்த ஓட்டு வீடு. திருப்பூரில் பனியன் கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். தைத்த துணியைச் சரிபார்க்கிற வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். அவருக்கோ அப்போதே முழங்கால் வலி.

"வைகாசி வரைக்கும் எடம் வெச்சிருக்கோம்னு சொல்லியிருக்காங்க தம்பி. அதுக்குள்ள இங்கயே ஒரு வழி பொறந்தா நான் ஏன் போறேன்?" என்றார்.

நான் ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்கு வருகிறவர்களை வைத்து வேன் ஓட்டுகிறவன். எனக்கு அவ்வப்போது சவாரி கொடுக்கும் திருச்சி டூரிஸ்ட் ஆபீஸ் அம்மா ஒரு நாள் சொன்னார்: "இப்பல்லாம் பாதிப் பேர் ஹோட்டலே வேணாங்கறாங்க. கிராமத்துல வீட்டோட தங்கி, அவங்க சாப்பிடறதையே சாப்பிடணுமாம். ஊர்க்காரங்களே சேர்ந்து நடத்தணும், வர்ற பணமும் அவங்களுக்கே போகணும். உங்களுக்குத் தெரிஞ்ச ஊர் இருக்கா?"

இருக்கிறது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். வழி பிறந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த வாரமே போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை.

"என்ன பாக்க வர்றாங்க தம்பி? இங்க என்ன இருக்கு?"

"நீங்க இருக்கீங்களே."

"என்னையவா? நான் என்ன உச்சிப்பிள்ளையார் கோயிலா, ஏறி வந்து பாக்க?"

சிரித்தாரே தவிர, மறுநாளே நாலு வீட்டுப் பெண்களைச் சேர்த்துவிட்டார். அவரோடு ஐந்து வீடு. பாய், தலையணை எல்லாம் துவைத்துக் காயப் போட்டார்கள். யார் வீட்டில் காலைச் சாப்பாடு, யார் வீட்டில் குளியல் என்று பேசி வைத்தார்கள். நான் ஒரு பழைய டைரியில் பயணத்தை எழுதினேன். காலையில் ஸ்ரீரங்கத்தில் தரிசனம், மணப்பாறையில் முறுக்குச் சுடுகிற ஒரு வீடு, சாயங்காலம் ஊர். மறுநாள் பம்புசெட்டில் குளியல், ஆட்டை ஓட்டிக்கொண்டு காடு. இரண்டு ராத்திரி.

ஆபீஸ் அம்மா அதைப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா முதல் தடவை பாருங்க, விசேஷமா ஏதாவது இருந்தா நல்லது" என்றார்.

எனக்கு உடனே சித்திரையில் வரும் அந்த ஊர் மாரியம்மன் திருவிழா நினைவுக்கு வந்தது. பயணத்தைத் திருவிழாவின் கடைசி இரண்டு நாளுக்கு மாற்றினேன்.

இது ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நம் ஊரில் திருவிழா என்றால் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவதுதான் திருவிழா. வைகுண்ட ஏகாதசிக்கு வீதியில் படுத்திருப்பவர்களை மிதிக்காமல் நடக்க முடியாது. எல்லா ஊரும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அக்காவைப் போலவே அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்த உங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். முடித்துவிட்டுச் சொல்லி அசத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஏழு பேர் வந்தார்கள். நல்ல மனிதர்கள். முறுக்கு வீட்டில் தாங்களே பிழியப் பார்த்து, கோணல்மாணலாக வந்ததை ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே தின்றார்கள். நான்கு மணிக்கு வேன் ஊர் எல்லைக்குப் போனது. பாதைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. பூசாரி கையில் மஞ்சள் கயிற்றோடு எதிரே வந்தார்.

"வாங்க, எல்லாரும் வாங்க. ஆத்தாளப் பாருங்க, வயிறாரச் சாப்பிடுங்க. பொழுது சாய எந்த ஊருக்குக் கெளம்புறீங்க?"

"கெளம்பறது இல்லைங்க. ரெண்டு ராத்திரி இங்கதான் தங்கறாங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "காப்புக் கட்டி ஆறு நாளாச்சே மாப்ள. இனிமே வெளியூர் ஆளு இங்க ராத்தங்கப்படாது. உள்ளூர்க்காரனும் வெளியூர்ல தங்கப்படாது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கெஞ்சினேன். ஆத்தாளுக்கு ஏதாவது பரிகாரம் செய்துவிடலாமா என்றும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"நானா போட்ட சட்டம்? எம் மக பக்கத்து ஊர்லதான் வாக்கப்பட்டிருக்கா. அவளே பகல்ல வந்து கும்பிட்டுட்டு, பொழுதோட போயிட்டா. வந்தவங்கள மட்டும் எப்படி விடுவேன், சொல்லுங்க?"

ஏழு பேரும் சாமி கும்பிட்டுவிட்டுப் பெரியம்மா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காப்புக் கட்டிய ஊரில் கவிச்சி இல்லை என்பதால் கம்பஞ்சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்கீரை. அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பெரியம்மா பரிமாறிக்கொண்டே இருந்தார். அடுப்படியில் மெதுவாகக் கேட்டேன், "ஏங்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கோயில் வாசல்லயே பொழைக்கறவங்க தம்பி. பூசாரிகிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் தேதி வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். ஆம்பளைங்க பேசி முடிச்சதுல நான் என்னத்தக் கேக்க?"

வெளிச்சம் இருக்கும்போதே வேனை எடுத்தேன். நாலு வீட்டுப் பெண்களும் வழியில் வந்து நின்றார்கள். யாரும் கை காட்டவில்லை.

மறுநாள் ஆபீஸ் அம்மா திட்டவில்லை. "ஊரைத் தப்பு சொல்ல மாட்டேங்க. ஆனா டிரெயின் டிக்கெட் எடுத்துட்டு வர்றவங்கள இப்படி அலைய விட முடியாது இல்லையா?" என்று சொல்லிவிட்டு, வேறொரு மாவட்டத்தில் வேறொரு கிராமத்தைப் பார்த்துக்கொண்டார். நான் விடவில்லை. திருவிழா முடிந்ததும் ஊருக்குப் போய், ஆடி கழிந்து வேறு ஆட்களைக் கூட்டி வருகிறேன் என்று அந்த நாலு வீட்டுப் பெண்களிடமும் சொன்னேன். மூத்தவர்தான் பதில் சொன்னார்.

"வேணாங்க. வூடு தேடி வந்தவங்கள வெளக்கு வெக்கப் போற நேரத்துல படுக்கப் பாயில்லாம அனுப்பினோம். அந்தப் பாவம் ஒரு தடவ பட்டது போதும்."

பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டை மட்டும் வைத்து நடத்தலாமா என்று நான் கேட்கவில்லை. ஊர் வேண்டாம் என்றதைத் தனியாக அவரால் செய்ய முடியாது. அதுகூடவா எனக்குத் தெரியாது?

வைகாசி பிறந்து நாலாம் நாள் ஆடு இரண்டையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவர் கிளம்பினார். என் வேனில்தான் திருச்சி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வந்தேன். வழியில் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவர் ரோட்டோரம் எதையாவது காட்டிப் பேச்சை மாற்றினார்.

திருப்பூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபிறகு, "புள்ளைங்களுக்கு லீவு விட்டுட்டாங்களே தம்பி, எங்க கூட்டிட்டுப் போவீங்க?" என்றார்.

கொள்ளிடக்கரைக்குக் கூட்டிப் போகிறேன் என்று ஏதோ சொன்னேன். அங்கே தண்ணீர் இல்லை என்பது அவருக்கும் தெரியும். சரி என்று தலையாட்டினார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.