அருவிக்கரையில் ஒரு விளக்குக் கண்ணாடி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதையும் போனில் பேசித்தான் போடுகிறேன்.

இருபது வருடத்துக்கு முன் ராயகிரியில் கண்மாய்த் தண்ணீருக்காக நடந்த அடிதடியில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். அன்று நான் ஊரிலேயே இல்லை. கோர்ட் விடுதலை செய்தது. ஆனால் முகத்தைப் பார்த்துப் பழைய கேஸ்காரர்களைக் கண்டுபிடிக்கிற போலீஸ் போனில் என் படம் இன்னும் இருக்கிறது. போன சீசனில் ஐந்தருவியில் அந்தப் போனை முகத்துக்கு நேரே பிடித்து, இரண்டு மணி நேரம் ஓரமாக உட்கார வைத்தார்கள்.

இன்று அருவிக்குப் போகும் வழியில் ஒரு கடைக்காரர், சின்னச் சின்ன விளக்கு பதித்த மூக்குக் கண்ணாடியைக் காட்டினார்.

"இதப் போட்டா எந்தக் கேமராவுக்கும் மூஞ்சி தெரியாது, அண்ணாச்சி."

"நெசமாத்தான் சொல்லுதீரா?"

"மச்சான் துபாய்ல இருந்து கொண்டாந்தது. பொய்யா சொல்லுவேன்?"

வாங்கி மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். காவலர் போனை நீட்டினார். இரண்டு தடவை பார்த்தும் அதற்கு என்னைத் தெரியவில்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரியவரே, கண்ணாடி போட்டுக்கிட்டா அருவியில நிப்பீரு? கழட்டும்."

கழற்றினேன். போன் உடனே சத்தம் போட்டது.

"கோர்ட்டு என்னைய விட்டுட்டுய்யா."

"அது இதுல காட்டலியே. அங்கன போய் உக்காரும்."

உட்கார்ந்தபடிதான் பேசுகிறேன். அந்தப் பொய்க் கேஸை எழுதிய ஏட்டையாவின் முகம், உதட்டோரத் தழும்பு உட்பட எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அவரை இப்படி உட்கார வைக்கிற போன் எந்தக் கடையில் விற்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.