சரசு சிஸ்டரும் நான் நம்பின ரீடிங்கும்

சரசு சிஸ்டர் போயிட்டாங்க.

காலைல அவங்க வீட்டுக்காரர் துரைசாமி அண்ணன் காங்கேயத்துல இருந்து போன் பண்ணினார். "தூக்கத்துலயே போயிட்டாளுங்க டாக்டரம்மா. ஐஸ் பெட்டி வேண்டாம்னு சொல்லிப்போட்டேனுங்க. அவ குளிர்ல கெடந்தது போதுமுங்க."

குத்திக்காட்டிப் பேசற மனுஷர் இல்லை அவர். எனக்குத்தான் அந்த வார்த்தை நெஞ்சுல அப்படியே நின்னுருச்சு...

கோயமுத்தூர்ல எங்க ஐசியூவுல நான் டாக்டரா சேர்ந்த நாள்ல இருந்து கூட வேலை பார்த்த நர்ஸ். வாய் ஓயாது. மயக்கத்துல கிடக்கற பேஷன்ட்டுக்கும் சொல்லிட்டுத்தான் ரத்தம் எடுப்பாங்க. "ஏனுங்க, கையில ஊசி குத்தறனுங்க... சித்த பொறுத்துக்கங்க."

"அவருக்குக் கேக்கவா போகுது சிஸ்டர்?"ன்னு ஒருதடவை கிண்டல் பண்ணினேன்.

"எனக்குப் பேசாம இருக்க முடியாதே அம்மணி!" அப்படி ஒரு சிரிப்பு.

போன வருஷம் அவங்களே ஸ்ட்ரோக் வந்து அதே ஐசியூவுல படுத்தாங்க. மூளையோட இடது பக்கம் பெரிய அடைப்பு. வலது கை, கால், பேச்சு எல்லாம் போச்சு. மூளை வீங்கிட்டே வந்தது. மண்டையோட்டைத் திறந்து ஆபரேஷன் பண்ணலாம்னா, இதயம் தாங்காதுன்னு சர்ஜன் சொல்லிட்டார்.

உடம்பைக் குளிர வெச்சு வீக்கத்தைக் கட்டுப்படுத்திப் பார்க்கலாம்னு சொன்னேன். துரைசாமி அண்ணன் எதுவுமே கேக்கலை. "நீங்க இருக்கீங்கள்ல, செய்யுங்க."

இங்கதான் ஒரு சிக்கல். ரத்தத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு கூடினா ரத்தத்தோட அமிலத்தன்மை ஏறும், மூளையோட ரத்தக்குழாய் விரியும். குறைஞ்சா சுருங்கும். ஆனா டெஸ்ட் மெஷின், குளிர்ந்த ரத்தத்தையும் சாதாரண உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் அளக்கும். அதனால ஒரே ரத்தத்துக்கு ரெண்டு ரீடிங். சூட்டுல அளந்தது ஒண்ணு, குளிர்ந்த உடம்புக்குத் தக்கபடி திருத்தினது ஒண்ணு.

சிஸ்டருக்கு முதல் ரீடிங் நார்மல். திருத்தினதுல கார்பன் டை ஆக்சைடு கம்மி.

கூட இருந்த டாக்டர் செந்தில், "திருத்தினதை எடுத்துக்கலாம். மூச்சு குடுக்கற வென்டிலேட்டரைக் கொஞ்சம் குறைச்சா கார்பன் டை ஆக்சைடு ஏறிக் குழாய் விரியும், மூளைக்கு ரத்தம் கூடப் போகும்"னார்.

"வீக்கமும் கூடுமே செந்தில். உயிருக்கே ஆபத்தாயிரும்."

ரெண்டு பேர் சொன்னதுலயும் நியாயம் இருந்தது. உலகம் பூரா டாக்டர்களும் இதுல ரெண்டு கட்சிதான். ஆனா முடிவு என்னோடது. சூட்டுல அளந்த ரீடிங்கை நம்பினேன். வென்டிலேட்டரைத் தொடலை.

அப்புறம் உடம்பை மெதுவா, ரொம்ப மெதுவா சூடேத்தினோம். வீக்கம் வடிஞ்சது. உயிர் தங்குச்சு.

பேச்சு திரும்பலை.

அந்தக் கொஞ்சம் ரத்தம் கூடப் போயிருந்தா பேச்சு மிஞ்சியிருக்குமா? இல்ல, அன்னைக்கே போயிருப்பாங்களா? யாராலயும் சொல்ல முடியாது. செந்திலும் அதைத்தான் சொல்றார். புரியுது... புரிஞ்சும் மனசு கேக்க மாட்டேங்குது.

டிஸ்சார்ஜ் ஆனப்பறம் ஒருதடவை அவங்க வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டில்ல சாய்ஞ்சு உக்கார்ந்திருந்தாங்க. இடது கையால என் கையை இறுக்கிப் பிடிச்சாங்க. வாய் அசைஞ்சது. சத்தம் மட்டும்தான், வார்த்தை வரலை. மறுபடி முயற்சி பண்ணி, முடியாம, கோவத்துல கட்டிலை ஓங்கித் தட்டினாங்க.

"சாப்பிட்டுத்தான் போகோணும்னு சொல்றாளுங்க"ன்னார் அண்ணன்.

சாப்பிட்டேன். அவர் பக்கத்துல நின்னு குழம்பு ஊத்திட்டே, "உசுரோட திருப்பிக் குடுத்தீங்களேங்க"ன்னு சொல்லிட்டே இருந்தார்.

சிஸ்டர் நிஜமாவே அதைத்தான் சொன்னாங்களா? இல்ல, என்கிட்ட வேற ஏதாவது கேட்டாங்களா?

இன்னைக்கு அண்ணன் போனை வைக்கறதுக்கு முன்னாடி, "நீங்க வந்தப்பறம்தானுங்க எடுக்கறது"ன்னார். சொந்தபந்தத்தை எல்லாம் எனக்காகக் காக்க வெச்சிருக்கார். கார்ல பின்சீட்டுல உக்கார்ந்து இதை டைப் பண்றேன். பல்லடம் தாண்டியாச்சு.

அங்க போனதும் கையெடுத்துக் கும்பிடுவார். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்னு தெரியலை.

வந்துட்டே இருக்கேன் சிஸ்டர்...