தினம் ஒரு போட்டோ

இது நடந்தது. கதை கட்டும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. போட்டோக்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். தனியாக ஒரு ரூமில் குடியிருப்பவர்கள் மட்டும் இதைப் பகலிலேயே படித்துவிடுங்கள்.

நான் வேலை பார்த்தது தகடு அடிக்கும் கம்பெனியில். பிரஸ் மெஷின். அதில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்று செய்த ஏற்பாடு. எங்கள் கம்பெனியில் அதெல்லாம் வெறும் அலங்காரம். ஒரு பட்டனில் மரத்துண்டைச் செருகி, எப்போதும் அழுந்தியே இருக்கும்படி வைத்துவிடுவோம். ஒரு கை தகட்டைத் தள்ளும், இன்னொரு கை பட்டனைத் தட்டும். வேலை பறக்கும். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். வேகம் குறைந்தால் மட்டும் அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் மதியம், சாப்பிட்ட அசதி. வலது கை உள்ளே இருக்கும்போதே இடது கை பட்டனைத் தட்டிவிட்டது. நான்கு விரலும் நசுங்கின. கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

"மணிக்கட்டை யாரோ நல்லா இறுக்கிப் புடிச்சிருக்காங்க. அதனாலதான் ரத்தம் ரொம்பப் போகலை" என்றார் டாக்டர்.

யாரோ ஒரு புண்ணியவான் என்று நினைத்தேன். பிறகு ஆட்டோக்காரரிடம் விசாரித்தேன். சூப்பர்வைசர் என்னைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டுத் திரும்பிவிட்டாராம். பின் சீட்டில் நான் மட்டும்தான் இருந்தேனாம்.

நான் கட்டோடு ரூமுக்குத் திரும்புவதற்குள் மரத்துண்டு மாயமாகிவிட்டது. இரண்டு பட்டனும் ஒழுங்காக வேலை செய்கிறதே, கை எப்படி உள்ளே போகும், எங்கேயோ விழுந்து அடிபட்டுக்கொண்டு வந்து பழியைப் போடுகிறான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. கூட வேலை பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வயிறு எல்லோருக்கும் ஒன்றுதான்.

சங்க ஆபீசுக்கு வரும் வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். நஷ்டஈடு வேண்டுமென்றால் இனி கவனமாக இருக்க வேண்டும் என்றார். மருந்துச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடக்கூடாது. ரத்தம் பட்ட சட்டையைத் துவைக்கக் கூடாது. காயத்தைத் தினமும் காலையில் அதே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். பார்த்தவர் ஒருவரையாவது சாட்சிக்குக் கொண்டுவர வேண்டும்.

"முக்கியமா, அவங்க நீட்டுற எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. போட்டா எல்லாம் முடிஞ்சுது."

கம்பெனிக்குப் பின்னால் கம்பெனியே கொடுத்த ஒற்றை ரூம்தான் என் வீடு. அதிகம் பேசாததால் எனக்கு 'ஊமை' என்று பேர். தேடி வர ஆள் கிடையாது. தினமும் காலையில் ஜன்னலோரம் நின்று, இடது கையால் போனைப் பிடித்து வலது கையைப் படம் எடுப்பேன். அனுப்புவதற்கும் வக்கீலம்மாவை விட்டால் யாருமில்லை. அவரிடமிருந்து 'சரி' என்று ஒரு வார்த்தை வரும். அன்றைக்கு என்னோடு ஒரு மனுஷர் பேசியது அவ்வளவுதான்.

முதல் போட்டோவில் கட்டுக்கு மேலே மணிக்கட்டைச் சுற்றி நீலமாக ஒரு தடம். பிடித்த தடம். அதில் அதிசயமில்லை.

இரண்டு நாளில் வீக்கம் வற்றியது. தடம் வற்றவில்லை.

அது மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது.

படுக்கையில் அழுந்தியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த நாள் முழங்கைக்கு மேலே. பழைய போட்டோக்களை எடுத்து ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் கட்டைவிரல். மறுபக்கம் இரண்டே விரல்.

பிடித்த கைக்கு மொத்தம் மூன்று விரல்.

வக்கீலம்மா போன் செய்தார்.

"உங்களை யாராவது அடிக்கிறாங்களா? பயப்படாம சொல்லுங்க."

"இல்லம்மா."

"ரூம்ல கூட யார் இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா..."

 போனை வைத்ததும் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன்.

மறுநாள் வலது தோளில்.

அதற்கடுத்த நாள் கையில் எங்கேயும் தடம் இல்லை. அப்பாடா என்று முகம் கழுவக் கண்ணாடி முன்னால் போனேன்.

கழுத்தில் இருந்தது.

அன்று பகல் முழுக்கக் கதவைத் திறந்துபோட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் போனவர் வந்தவர் ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டிருந்தேன், யாருக்கும் தெரியவும் இல்லை.

விடிந்ததும் பார்த்தேன். கழுத்தைத் தாண்டி இடது தோளுக்குப் போயிருந்தது. அடுத்த நாள் இடது முழங்கை.

எங்கே போகிறது?

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தார். கையில் பழம்.

"என்ன ஊமை, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ரூமை விட்டே வர மாட்டேங்கிறே?"

நன்றாகத்தான் பேசினார். கேட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவார்களாம். ரூமும் என்னிடமே இருக்குமாம். ஒரு கையெழுத்து மட்டும் போதுமாம். காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். குளிக்கும்போது வீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்தது. போடாவிட்டால் நாளைக்கே ரூமைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் அதே சிரித்த முகத்தோடு சொன்னார்.

வக்கீலம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் சாட்சி இல்லை. நசுங்கின கைக்கு வேறு எவன் வேலை தருவான்? அலுத்துப் போயிருந்தது. இடது கையால் பேனாவை வாங்கினேன்.

காகிதத்தில் வைத்தேன்.

சில்லென்றது.

பேனா நகரவில்லை.

"என்ன யோசனை? போடு."

இழுத்துப் பார்த்தேன்... மணிக்கட்டு அசையவில்லை. குனிந்து பார்த்தேன். தோல் மூன்று இடத்தில் குழிந்திருந்தது. யாரோ அழுத்துகிற மாதிரி. அங்கே ஒன்றுமில்லை. குழி மட்டும் ஆழமாகிக்கொண்டே போனது...

டக்.

பேனா தரையில் விழுந்து உருண்டது.

சூப்பர்வைசரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

"அண்ணே..." என்றார் மெதுவாக.

என்னை அவர் ஒரு நாளும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, என் கையைப் பார்த்துச் சொன்னார்.

எழுந்து ஓடினார். காகிதம், பழம், ஒற்றைச் செருப்பு, எல்லாம் அப்படியே கிடந்தன.

மறுநாள் காலை எடுத்ததுதான் கடைசிப் போட்டோ. இடது மணிக்கட்டு. மூன்று விரலும் தெளிவாக. அதற்கு மறுநாள் உடம்பில் எங்கேயும் தடம் இல்லை.

அந்த வாரம் கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் அக்கா என்னைப் பார்க்க வந்தாள். பேச்சுவாக்கில் போட்டோக்களைக் காட்டினேன். "உன்னையே இத்தனை படம் எடுத்து வச்சிருக்கியே, பொண்ணு பார்க்கவா?" என்று கிண்டல் செய்துகொண்டே தள்ளினாள். கடைசிப் படம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"இது அவரு கை" என்றாள்.

எனக்கு முன்னால் அதே மெஷினில் நின்றவராம். இடது கையில் இரண்டு விரல் போனது பழைய கதை. வீட்டில் அடிபட்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்புறம் வலது கை போனது. அதற்கும் போட்டுக் கொடுத்தார். சூப்பர்வைசர்தான் 'அண்ணே, அண்ணே' என்று கெஞ்சி வாங்கினாராம். இரண்டு தடவையும் மரத்துண்டை உருவிக் குப்பையில் போட்டது அக்காதான். மூன்றாவது, என்னுடையது.

அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வக்கீலம்மா ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

அவள் சாட்சி சொன்னாள். நஷ்டஈடு தரச் சொல்லித் தீர்ப்பாயிற்று. மாதக் கடைசிவரை நான் ரூமில் இருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

கோர்ட்டை விட்டு வெளியே வந்ததும், உள்ளே சொல்லாத ஒன்றை அக்கா சொன்னாள். அந்த மனுஷருக்கும் யாருமில்லையாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, தையல் பிரிந்து ரத்தம் ஒழுகியிருக்கிறது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். வாடை வந்த பிறகுதான் கதவை உடைத்தார்கள்.

"அந்தப் பிடியைப் பிரிக்கவே முடியலை தம்பி. அப்படியேதான் எடுத்துட்டுப் போனாங்க. ரூமுக்கு வெள்ளை அடிச்சுட்டு உனக்குக் குடுத்தாங்க. கட்டிலை மட்டும் மாத்தலை."

அன்றைக்கும் படுக்க எனக்கு வேறு இடம் கிடையாது.

போனேன். சுவரோரமாக ஒதுங்கிப் படுத்துக்கொண்டேன்... இன்னொரு ஆள் படுக்க இடம் விட்டு.