நின்றால் மூன்று, ஓடினால் ஒன்று

மே 13, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். அக்காவைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்கு வலப்பக்கம் அசைவதில்லை. இட்லி ஊட்டி முடிக்கும்போது லாத்தா வந்துவிட்டார். அடுத்த தெருக்காரர்; முஸ்லிம் வீடுகளில் மூத்த பெண்ணை அப்படித்தான் அழைப்பார்கள். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்துக்கு நான் போய்த் திரும்பும்வரை அக்காவைப் பார்த்துக்கொள்பவர். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் தன் வீட்டில் இருக்க வேண்டும்.

போன வாரம் இரண்டு முறை அது தவறியது. கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் என் மின்சார சைக்கிள் நின்றுபோனது. மிதிக்கலாம்தான். அந்தக் கனத்தை எதிர்க்காற்றில் மிதிக்க முழங்கால் இடம் கொடுப்பதில்லை.

"இன்னைக்கும் லேட்டுன்னா வேற ஆளப் பாத்துக்கம்மா," என்றார் லாத்தா, அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டே. "உன் வண்டி மீட்டரு நாலு கோடு காட்டுனா எனக்கென்ன, நாப்பது கோடு காட்டுனா எனக்கென்ன?"

வேறு ஆள் கிடையாது. வந்த இருவரும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. லாத்தாவும் நின்றுவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான்.

பழைய பேட்டரி, தினமும் சார்ஜ் போட்டால் சீக்கிரம் போய்விடும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுவேன். மிச்சம் எவ்வளவு என்பதை மீட்டரில் தெரியும் கோடுகளை வைத்துக் கணக்கிடுவேன். ஓடும்போது கோடுகள் ஏறி இறங்கி ஆடும் என்பதால் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, சற்றுப் பொறுத்து, ஆடாமல் நிற்பதையே பார்ப்பேன். எதையும் அப்படி நிதானமாகப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம்.

அன்று பேருந்து நிலையத்து சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு, பேட்டரியை மட்டும் கழற்றிப் பையில் போட்டு, சிதம்பரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னாம்மா அது, கொழந்த மாரி கட்டிப் புடிச்சினு வர்றீங்க?" என்றார் கண்டக்டர். "அரை டிக்கெட் போடவா?"

மதிய இடைவேளையில், சிதம்பரத்தில் அதை வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் மேசைமேல் வைத்து வோல்ட்மீட்டரால் தொட்டுப் பார்த்தார்.

"பாதிக்கு மேல இருக்குதுக்கா. சும்மா பயப்படாதீங்க."

மாலையில் பேட்டரியை மாட்டியபோது மூன்று கோடுகள். கெடிலம் ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் ஒரே கோடாக இறங்கியது. அப்பால் சிக்னலில் நின்றதும் மறுபடி மூன்று. வழக்கம்போல் நின்றபோது கண்டதையே நம்பினேன்.

கடற்கரைச் சாலைக்குத் திரும்பியதும் கடல்காற்று முகத்தில் அறைந்தது. ஒரு கோடு. அதுவும் மின்னி அணைந்தது. இறங்கி ஓரமாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு கோடுகள் வந்தன. ஏறி முறுக்கினால் பத்தடி போய்ச் செத்தது. மறுபடி நின்றேன், மறுபடி இரண்டு. அங்கேதான் எனக்குப் புரிந்தது. பளு இல்லாமல் சும்மா நிற்கும்போது பேட்டரி தேறியதுபோலக் காட்டிக்கொள்கிறது. நான் இத்தனை நாள் கவனமாகப் பார்த்து வந்தது அதைத்தான். கடைக்காரர் மேசைமேல் வைத்து அளந்ததும் அதைத்தான்.

தள்ளிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் பாங்கு கேட்டது. வேகமாகத் தள்ளவும் தெம்பில்லை.

வீட்டில் லாத்தா அக்காவின் கட்டிலருகே தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னான் கடக்காரன்?"

"பேட்டரி நல்லாத்தான் இருக்காம், லாத்தா."

"உக்காந்திருக்கப்ப பாத்தா நீகூட நல்லாத்தான் இருக்க." முக்காட்டைச் சரிசெய்துகொண்டு செருப்பை மாட்டினார். "காலையில வர்றேன். நாளைக்கு ஒரு நாளுதான், சொல்லிட்டேன்."

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற விதியை விட்டுவிட்டு, பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் எழுந்ததும், பால்கூடக் காய்ச்சாமல், வண்டியைத் தெருக்கோடிவரை மிதிக்காமல் ஓட்டிப் பார்த்தேன். நின்றபோது நான்கு, ஓடும்போது மூன்று. திரும்பி வந்து, அக்காவின் மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியை வெட்டி, நின்றால் மட்டும் தெரியும் அந்த நான்காவது கோட்டை மூடி மீட்டரில் ஒட்டினேன். அது இனி இல்லாத கோடு.