நடிகர் கேட்ட அக்காவின் பாட்டு

இன்று லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஒரு கார் பாட்டுச் சத்தத்தில் கண்ணாடிகள் அதிர என்னைக் கடந்து போனது. அந்தத் தாளம் நெஞ்சுக்குள் இறங்கியதும் எனக்கு மறுபடியும் பன்னிரண்டு வயதாகிவிட்டது.

அப்பாவின் கடையில் கருவாட்டு வாசம். ஏதோ மாடிவீட்டிலிருந்து லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பாகும் ரேடியோவை அக்கா போட்டிருந்தாள். படுக்கையறையில் தானே செய்த பாட்டை அந்த ரேடியோக்காரர்களுக்கு அவள் அனுப்பியிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். திடீரென்று அதுவே ஒலித்தது!

"உந்தச் சத்தத்தை நிப்பாட்டு பிள்ளை" என்று அப்பா கையை நீட்டினார்.

"நிறுத்தாதீர்கள்" என்றது ஓர் ஆங்கிலக் குரல். நாங்கள் டிவியில் விடாமல் பார்க்கும் நடிகர்! கசங்கிய சட்டையோடு, கையில் பாலுடன், எல்லாரையும் போல வரிசையில் நின்றார். "யாருடைய பாட்டு இது?"

"என்னுடையது" என்றாள் அக்கா.

பாலைக் கீழே வைத்துவிட்டு, கடைசிவரை தலையாட்டிக் கேட்டார். அக்காவின் கையைக் குலுக்கி, "இன்னும் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நீயோ செய்தனீ?" என்றார் அப்பா.

"ஓம் அப்பா."

"எனக்கேன் சொல்லேல்லை?"

அப்பா ரேடியோவின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"திரும்ப எப்ப போடுவாங்கள்?"